காந்தளுக்கு ஒரு வேலி

நம் மாநில மலர் எது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் செங்காந்தள் என்று டக்கென்று சொல்லிவிடுவார்கள். எங்கே பார்த்தாய் என்று கேட்டால், பாடப்புத்தகத்தில் என்பார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வரும் பூவுக்கு இந்தக் கதி!

காந்தள் அடர்காட்டு இருட்டில் வளர்வதல்ல. காட்டோரமும் புதருமே அதற்குத் தோதான இடம். தானாக நிற்கத் தண்டுக்குப் பலம் கிடையாது. இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு ஏறும். மழை விழுந்ததும் முளைக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும்; பிறகு காய்ந்துபோய், கோடை முழுக்க மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கும். ஆக, ஏறிக்கொள்ளப் புதரும் கிளறாத மண்ணும் வேண்டும். காட்டுக்கு வெளியே இந்த இரண்டையும் கொடுத்தது நம்ம உயிர்வேலிதான். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே வட்டாரத்தில், மூலனூர் பக்கம், இதே செடி கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பணப்பயிர். கீல்வாத மருந்துக்கான கோல்சிசின் இதன் விதையில் இருக்கிறது. கம்பிப் பந்தல், மருந்தடிப்பு, விடியற்காலையில் ஆள் வைத்துக் கையால் மகரந்தச் சேர்க்கை. பூச்சிகள் கூலி இல்லாமல் பார்த்த வேலை, இப்போது செலவுக் கணக்கில் ஏறிவிட்டது.

ரசாயன விவசாயிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இயற்கை விவசாயம் என்று பலகை வைத்துவிட்டு, வேலியை ஜேசிபி விட்டு வழித்தெடுத்துக் கம்பி போடுகிறவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். "வேலி ரெண்டு மூணு அடி நிலத்தைத் தின்னுது, பாம்பு அடையுது சார்" என்பார்கள். பாம்பு எலி தின்னத்தான் வருகிறது. நிலக் கணக்குக்கு வங்கிக்காரனாகவே பதில் சொல்கிறேன்: கம்பி வேலி வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டிய சொத்து, கிளுவை வருஷா வருஷம் பெருகும் சொத்து. பக்கத்துக் காட்டில் அடிக்கும் மருந்துச் சாரலைக் கம்பி தடுக்குமா? சான்றிதழுக்காக எப்படியும் ஓரத்தில் இடைவெளி விடுகிறோமே, அங்கேயே வேலி நிற்கட்டுமே.

இருக்கிற வேலியைக் கவாத்து செய்யுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். வேலியடியில் உழவும் களைக்கொல்லியும் வேண்டாம். வேலி போயிருந்தால் மழைக்கு முன் கிளுவைப் போத்து நடலாம். காந்தள் கிழங்கைக் காட்டிலிருந்து தோண்டி வராமல், பயிர் செய்பவர்களிடம் வாங்குங்கள். கிழங்கு கடும் விஷம். பிள்ளைகளும் ஆடுமாடுகளும் புழங்கும் இடத்தில் போட்டு வைக்காதீர்கள்.