வாயைத் திறந்தா வில்லங்கம்!

போன செமஸ்டர்ல என் பெஞ்ச் மேட், தினமும் முதல் பீரியட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு புதினா மிட்டாய் நீட்டுவான். என்னா பாசம்டா சாமினு நெகிழ்ந்து, வாங்கி வாயில போட்டுப்பேன். ஒரு மாசம் கழிச்சுத்தான் கவனிச்சேன், அந்தப் பாசம் எனக்கு மட்டும்தான் கிடைக்குது!

லேப்ல ரீடிங் காட்டப் போனா, சார் நோட்டை மட்டும் வாங்கிட்டு 'தள்ளி நில்லுப்பா'ங்கிறார். ப்ராஜெக்ட் டீம்ல நான் பேச ஆரம்பிச்சா ஆளாளுக்கு ஜன்னல் பக்கம் ஒதுங்குறாங்க. சரி, நம்ம ஐடியாதான் மொக்கை போலனு முடிவு பண்ணி, அடுத்த ரெண்டு மீட்டிங்ல நான் வாயே திறக்கலை. கடைசியில ரூம் மேட்தான், ஒரு ராத்திரி லைட்டை அணைச்ச பிறகு சொன்னான். "மச்சி, தப்பா எடுத்துக்காத. உன் வாய்ல ஸ்மெல் வருதுடா." முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரலை. எனக்கும் அந்த இருட்டு வசதியாத்தான் இருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, ஊருக்கே தெரிஞ்சது நமக்குத் தெரியாது. நம்ம வாடை நம்ம மூக்குக்குப் பழகிடும். உள்ளங்கையைக் குவிச்சு ஊதிப் பார்க்குறதெல்லாம் பெருசா உதவாது. மணிக்கட்டை நக்கி, பத்து செகண்ட் காயவிட்டு மோந்து பாருங்க, ஓரளவுக்குப் புரியும். (பஸ்ல வேண்டாம், பக்கத்து சீட்டுல இருக்கிறவர் வேற மாதிரி நினைச்சுக்குவார்.)

நாக்கோட பின்பக்கம், பல் இடுக்கு, இங்கெல்லாம் காத்து இல்லாம வாழுற பாக்டீரியா இருக்கு. நாம மிச்சம் வெச்ச புரதத்தைத் தின்னுட்டு, ஹைட்ரஜன் சல்ஃபைடு மாதிரி கந்தக வாயுக்களை விடும். ஆமாம், கெமிஸ்ட்ரி லேப்ல மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினோமே, அதே அழுகின முட்டை வாயுதான்! இதையெல்லாம் கழுவித் தள்ளுற வேலை எச்சிலோடது. நான் மெக்கானிக்கல் பையன், என் பாஷையில சொன்னா, கூலன்ட் நின்னுபோன லேத் என்ன ஆகுமோ அதுதான் எச்சில் வத்திப்போன வாய்க்கும். தூங்கும்போது எச்சில் சுரக்கிறது குறைஞ்சிடும். அதான் காலையில எழுந்ததும் எல்லார் வாயும் ஒரே லட்சணத்துல இருக்கு.

இப்போ என் டைம்டேபிளைப் பாருங்க. எட்டரைக்கு எழுந்து, பிரஷ்ஷைப் பல்லுக்குக் காட்டிட்டு, டிபனை கட் அடிச்சுட்டு ஓட்டம். பதினொரு மணிக்கு டீ, திரும்பவும் ஒரு டீ. தண்ணி? கூலர் முன்னாடி க்யூ நின்னதால அதுவும் கட். ராத்திரி நின்ன எச்சில் மத்தியானம் வரைக்கும் சரியா ஊறவே இல்லை. காலையில நாலு இட்லியை மென்னு தின்னா, மெல்லுறதே எச்சிலை வரவைக்கும். அதுவே பாதி வைத்தியம். அப்புறம் ஒரு பாட்டில் தண்ணியை பையில வெச்சுக்கிட்டு அப்பப்போ குடிங்க. கேன்டீன் சமோசாவுக்குப் பதிலா கேட்டுக்கு வெளியே விக்கிற கொய்யா, வெள்ளரிக்கா வாங்கி மெல்லலாம். கடிக்கக் கடிக்க எச்சில் ஊறும், பல்லுல மாவு மாதிரி அப்பிக்கிறதும் இல்லை. ஜிம்முக்காக சோத்தை நிறுத்திட்டு வெறும் சிக்கனும் முட்டையுமா அடிக்கிற அண்ணன்களுக்கு ஒரு தகவல்: உடம்பு கொழுப்பை எரிக்கும்போது அசிட்டோன் மூச்சுல வரும். அந்த வாடைக்கு பிரஷ் பொறுப்பில்லை.

பூண்டு விஷயம் தனிக்கதை. ஷவர்மாவுக்குத் தொட்டுக்க வர்ற பூண்டு பேஸ்ட்டை வழிச்சுத் தின்னுட்டு, மறுநாள் மூணு தடவை பல் தேய்ச்சாலும் வாடை போகாது. ஏன்னா அது வாய்ல மட்டும் இல்லை. பூண்டுல இருந்து வர்ற அல்லைல் மெத்தில் சல்ஃபைடுங்கிற சமாச்சாரம் ரத்தத்துல கலந்து, நுரையீரல் வழியா மூச்சுல வந்துக்கிட்டே இருக்கும். அமெரிக்காவுல ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில இதையே வேலையா வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 2010-ல பாலைச் சோதிச்சாங்க. கொழுப்பு எடுத்த பாலைவிட முழுப் பால் நல்லா வேலை செஞ்சது. அதுவும் தின்னு முடிச்சுக் குடிக்கிறதைவிட, பூண்டோடவே சேர்த்துக் குடிச்சா பலன் அதிகம். 2016-ல பச்சை ஆப்பிளும், அதாவது வேகவைக்காத ஆப்பிளும், புதினா இலையும் பாஸ் ஆச்சு. பூண்டு வாடைக்கு க்ரீன் டீ ஃபெயில்! 2023-ல தயிரை எடுத்து, கண்ணாடி பாட்டில்ல பூண்டோட கலந்து பார்த்தாங்க. வாடை கிட்டத்தட்ட மொத்தமா அமுங்கிடுச்சு. பாட்டில்ல நடந்தது வாய்லயும் அப்படியே நடக்கும்னு கேரன்டி இல்லை. ஆனா பூண்டு ரசத்துக்கு அப்புறம் தயிர் சாதம் போடுற நம்ம சாப்பாட்டு வரிசையை யார் போட்டாங்களோ, அவங்களுக்கு ஒரு சல்யூட். மெஸ்ல தண்ணி மோர் ஊத்துற மாஸ்டரை மட்டும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க. வதக்கின பூண்டு, பச்சைப் பூண்டு அளவுக்குப் படுத்தாது.

சோம்பு, ஏலக்காய், கிராம்பு எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு வாடையை மூடிவைக்கும், வைவாவுக்கு முன்னாடி போட்டுக்க ஓகே. மிட்டாய்னா சர்க்கரை இல்லாததா பாருங்க, இல்லைன்னா அதுவே சொத்தையில கொண்டுபோய் விடும். பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். புகையிலை கலக்காத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு சொல்லியிருக்கு.

இவ்வளவும் பண்ணி, நாக்கையும் வழிச்சு, ரெண்டு வாரத்துல எனக்கு முக்கால்வாசி சரியாச்சு. மீதி கால்வாசி போகவே இல்லை. பயந்துக்கிட்டே பல் டாக்டர்கிட்ட போனேன். கடைவாய்ப் பல் ரெண்டுக்கும் நடுவுல சொத்தை, சாப்பிடுறதெல்லாம் அதுல போய் உக்காந்திருக்கு. அதை அடைச்ச பிறகுதான் ரூம் மேட் லைட் எரியும்போதே என்கிட்ட பேசினான். ரெண்டு வாரம் ஆகியும் உங்களுக்குப் போகலைன்னா, கொய்யாக்காவை நம்பிக்கிட்டு உக்காந்திருக்காதீங்க.

இப்போ ஒரு புதுச் சிக்கல். எங்க கிளாஸ்ல மூணாவது பெஞ்சுல ஒருத்தன் இருக்கான். நல்லா பாடுவான், சமீபமா அவன் பக்கத்துல யாரும் உக்கார்றதில்லை. அவனும் என்னை மாதிரியே பேச்சைக் குறைச்சுட்டான். நாலு நாளா சொல்லணும்னு போறேன், ஒரு மிட்டாயை நீட்டிட்டு வந்துடறேன். இந்த வாரம் புக் வந்ததும், இந்தப் பக்கத்தை அவன் டெஸ்க்ல விரிச்சு வெச்சுட்டு ஓடிடலாம்னு இருந்தேன். வேண்டாம், இன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல கரன்ட் போகட்டும்.