பிழை செய்தது யந்திரமா?

கடைப் பையன் சொன்ன விலைக்குப் பணம் கட்டிய பிறகு, முதலாளி வந்து, "அவன் சொன்னதை அவனிடமே கேள், எனக்குச் சம்பந்தமில்லை" என்றால் அந்த முதலாளிக்குக் கடைத்தெருவில் என்ன மரியாதை கிடைக்கும்? அதே பேச்சை ஒரு விமானக் கம்பெனி சட்ட பாஷையில் பேசியிருக்கிறது.

2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒருவர், ஏர் கனடாவின் இணையதளத்தில் டிக்கெட் பற்றி விசாரித்தார். பதில் சொல்ல அங்கே வைத்திருந்த சாட்பாட், டிக்கெட் வாங்கிய 90 நாளுக்குள் துக்கச் சலுகை கேட்கலாம் என்றது. நம்பி வாங்கினார். பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்பதே கம்பெனியின் விதி. அது வேறொரு பக்கத்தில் இருந்தது. கம்பெனி கையை விரித்தது. அதோடு நிற்கவில்லை, அந்த யந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி ஆள் என்கிற ரீதியில் வாதாடவும் செய்தது! பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை நிராகரித்து, 650 டாலர் 88 சென்ட் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

தொகை அற்பம், வாதம் அற்பமல்ல. அந்த யந்திரத்துக்கு வாய் மட்டுமே இருந்தது. இன்று ஸ்தாபனங்கள் 'ஏ.ஐ. ஏஜெண்ட்' என்று வேலைக்கு வைப்பவற்றுக்குக் கையும் உண்டு. அவை சரக்குக்கு ஆர்டர் போடுகின்றன, பணத்தைத் திருப்பித் தருகின்றன, கணக்கைத் திருத்துகின்றன.

யந்திரத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணித்துக் கோத்துக்கொண்டே போவது அதன் சுபாவம். மெய்யையும் பொய்யையும் ஒரே பணிவோடு சொல்லும். சுபாவம் தெரிந்தும் அதன் கையில் பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறானே, அவன் மீதுதான் என் கோபம்.

இது புதிய தர்மமுமல்ல. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, மைனரையும் ஏஜெண்டாக வைக்க இடம் தருகிறது. ஆனால் வைத்தவனுக்கு அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவனல்ல. அவன் செய்த ஒப்பந்தமோ எஜமானைக் கட்டும். யந்திரம் சட்டப்படி ஏஜெண்டா என்பதை வக்கீல்கள் விவாதிக்கட்டும். விவரம் அறியாதவனிடம் காரியத்தை ஒப்படைத்தால் நஷ்டம் ஒப்படைத்தவனுக்கே என்ற நியாயம் எனக்குப் போதும்.

என்னை முன்னேற்றத்தின் விரோதி என்பார்கள். சொல்லட்டும். நான் கேட்பது, ஒரு நல்ல மளிகைக்கடைக்காரர் தம் கணக்குப்பிள்ளையிடம் எதிர்பார்ப்பதுதான். எவ்வளவு தொகைவரை அது தானாகச் செய்யலாம் என்று வரம்பு கட்டு. அதற்கு மேல் ஒரு மனிதன் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அது செய்த ஒவ்வொன்றையும் நாள்வழியில் ஏற்று. தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்று வாடிக்கைக்காரனுக்கு ஒரு மனிதனின் பெயரைச் சொல்.

லாபம் வந்தால் 'என் யந்திரம்'. நஷ்டம் வந்தால் 'அது தனி ஆள்'. இந்த இரட்டை நாக்கு யந்திரத்துக்குக் கிடையாது. அது மனிதனுடையது.