கோட்டுக்குச் சாட்சி கருவி. கைக்குச் சாட்சி யார்?

உலகக் கோப்பை வரும்போதெல்லாம் நம் இலக்கிய நண்பர்களுக்குக் கால்பந்து நினைவுக்கு வந்துவிடுகிறது. வரட்டும், தவறில்லை. ஆனால் கூடவே ஒரு பழைய வாதத்தையும் கைப்பிடித்து அழைத்து வந்துவிடுகிறார்கள். நடுவரின் பிழையும் ஆட்டத்தின் ஓர் அங்கம். பிழை இருப்பதால்தான் ஆட்டம் வாழ்க்கையைப் போல இருக்கிறது. கருவிகள் உள்ளே வந்தால் கவிதை வெளியே போய்விடும் என்பது அந்த வாதம். கருவிகள் அனைத்தையும் ஏற்பவன் அல்லன் நான். இருந்தாலும் இந்தக் காரணத்தைச் சொல்லி அவற்றை எதிர்ப்பவர்களோடு ஒரே பந்தியில் உட்கார எனக்கு மனமில்லை.

இவர்களுக்கு எப்போதும் கைகொடுப்பவர் மரடோனா. 1986 ஜூன் 22 அன்று மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கில், இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியில், அவர் கையால் தட்டிவிட்ட பந்தைத் துனீசிய நடுவர் அலி பின் நாசர் கோல் என்று அறிவித்தார். நான்கு நிமிடம் கழித்து, பாதி மைதானத்தைக் கடந்து, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் ஏய்த்து மரடோனா அடித்த இரண்டாவது கோல் கால்பந்து உள்ளவரை பேசப்படும். நண்பர்கள் இவ்விரண்டையும் ஒரே மாலையில் தொடுத்துவிடுகிறார்கள், முதலாவது இல்லையேல் இரண்டாவது இல்லை என்பதுபோல. முதல் கோலைக் காவியமாக்கியவை இரண்டாவது கோலும், ஃபாக்லாந்துப் போரின் நினைவும், ‘கடவுளின் கை’ என்று அதற்குப் பெயர் சூட்டிய அந்த மனிதரின் வாய்ச்சாதுரியமும்தான். நடுவரின் பிழைக்கு அந்தப் புகழில் பங்கு கிடையாது.

மேதையின் அலங்காரம் இல்லாத பிழை எப்படியிருக்கும் என்று அறிய விரும்புவோர் 2009 நவம்பர் 18 அன்று பாரிஸை ஒட்டிய ஸ்டாட் டி ஃபிரான்ஸ் அரங்கில் நடந்ததைப் பார்க்கலாம். அடுத்த உலகக் கோப்பைக்குப் போவது பிரான்சா அயர்லாந்தா என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம். கூடுதல் நேரத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டவிருந்த பந்தைத் தியரி ஹென்றி கையால் தடுத்துத் தன் காலுக்குக் கொண்டுவந்து தட்டிவிட, வில்லியம் கலாஸ் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். தொலைக்காட்சி பார்த்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைக் கண்டார்கள். காண வேண்டியவர்கள் காணவில்லை. அயர்லாந்து வீட்டுக்குப் போனது. மறு ஆட்டம் கேட்டது, ஃபிஃபா மறுத்தது. வழக்குத் தொடராமலிருக்க அயர்லாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு ஃபிஃபா 50 லட்சம் யூரோவைக் கடன் என்ற பெயரில் கொடுத்ததும், அந்தக் கடன் பின்னர் தள்ளுபடியானதும் 2015இல் வெளியே வந்தன. இந்தக் கணக்கேட்டில் கவிதை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று நண்பர்கள் காட்ட வேண்டும்.

கோல் கோட்டின் கதை இன்னும் வெளிப்படையானது. 1966 இறுதியாட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டைக் கடந்ததா என்று மேற்கு ஜெர்மானியர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் இடையே எழுந்த தகராறு ‘வெம்பிளி கோல்’ என்ற சொல்லாகவே ஜெர்மன் மொழியில் தங்கிவிட்டது. சொல் ஒன்று கிடைத்ததே என்று மொழிக்காரர்கள் மகிழலாம். ஆனால் 2010 மார்ச்சில், ஆட்ட விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் கோட்டுக்கான கருவிச் சோதனைகளே இனி வேண்டாம் என்று முடிவெடுத்ததே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதே ஆண்டு ஜூன் 27 அன்று புளூம்ஃபோன்டைனில் ஃபிராங்க் லாம்பார்டின் பந்து கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து, வெளியே வந்தது. கோல் தரப்படவில்லை. ஐரோப்பியச் சங்கமோ கருவிக்குப் பதிலாகக் கோல் கம்பத்தருகே கூடுதலாக ஒரு மனிதரை நிறுத்திப் பார்த்தது. 2012 ஜூன் 19 அன்று டொனெட்ஸ்கில் உக்ரைன் வீரர் மார்கோ தேவிச் அடித்த பந்து கோட்டைக் கடந்தபின் ஜான் டெர்ரியால் உதைத்து வெளியேற்றப்பட்டது. சில அடி தூரத்தில் நின்ற அந்தக் கூடுதல் நடுவருக்கு அது தெரியவில்லை. அதற்குப் பிறகு, ஜூலை 5 அன்றுதான், கோட்டுக்கான கருவிக்கு அனுமதி கிடைத்தது.

அந்தக் கருவியின் சிறப்பு அது தன்னடக்கம் உள்ளது என்பது. பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால் ஒரு விநாடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்தில் செய்தி வரும். வேறு எதைப் பற்றியும் அது அபிப்பிராயம் சொல்வதில்லை. தவறவே தவறாதா என்றால், தவறியிருக்கிறது. 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லாவின் கோல்கீப்பர் பந்தோடு கோட்டுக்குப் பின்னால் போனபோது, ஆட்டக்காரர்களின் உடல்கள் கேமராக்களை மறைத்ததால் கடிகாரம் பேசாமலிருந்தது. ஆட்டம் 0–0. வில்லா அந்தப் பருவத்தில் தரமிறக்கத்திலிருந்து தப்பியது ஒரே ஒரு புள்ளியில். இறங்கிய அணிகளில் ஒன்றான போர்ன்மவுத்தின் ரசிகர்களிடம் போய்ப் பிழையின் அழகைப் பேசிப் பார்க்கலாம். ஆனாலும் கோடு பற்றிய கேள்விக்கு உலகில் ஒரே விடைதான் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மனிதக் கண்ணைவிடக் கருவி மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி மறுதரப்பு. தொழில் காரணமாக எனக்குத் தோன்றும் ஓர் ஒப்புமையைச் சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிவு வந்ததும் மாணவர்கள் விண்ணப்பிப்பவை இரண்டு: மறுகூட்டல், மறுமதிப்பீடு. மறுகூட்டலில் தகராறு இல்லை. ஏழும் எட்டும் பதினைந்து. மறுமதிப்பீடு வேறு சங்கதி. சிலப்பதிகாரத்தின் ஊழ் பற்றிய கட்டுரை விடைக்கு ஒருவர் ஒன்பது போடுவார், இன்னொருவர் பதின்மூன்று போடுவார். இரண்டாமவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார் என்பதனால் பதின்மூன்று உண்மையாகிவிடாது. கோட்டுக் கருவி மறுகூட்டல். 2018இல் விதிப் புத்தகத்துக்குள் நுழைந்த காணொளி உதவி நடுவர் முறை, அதாவது வி.ஏ.ஆர்., பெரும்பாலும் மறுமதிப்பீடு. அதை மறுகூட்டல் என்று சொல்லி விற்றார்கள் என்பதே என் புகார்.

‘தெளிவான, வெளிப்படையான பிழை’ இருந்தால் மட்டுமே வி.ஏ.ஆர். குறுக்கிட வேண்டும் என்பது விதி. 2018 ஜூலை 15 அன்று மாஸ்கோவில், பிரான்சும் குரோவேஷியாவும் ஆடிய உலகக் கோப்பை இறுதியில், இவான் பெரிசிச்சின் கையில் பந்து பட்டது. நடுவர் நெஸ்டர் பிட்டானா பெனால்டி தரவில்லை. அறையிலிருந்து அழைப்பு வந்தது. திரையருகே சென்று பார்த்தார், திரும்பினார், மனம் ஒப்பாமல் மீண்டும் போய்ப் பார்த்தார், பிறகு பெனால்டி கொடுத்தார். திரையை விட்டு விலகியவர் மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டியிருந்த ஒன்று தெளிவானது, வெளிப்படையானது என்றால், இந்தச் சொற்களுக்கு நான் வேறு அகராதி தேட வேண்டும். ஸ்கோர் 1–1லிருந்து 2–1 ஆனது. முடிவில் பிரான்ஸ் 4–2. குரோவேஷியா எப்படியும் தோற்றிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். சோதிடம் எனக்குத் தெரியாது.

திரையில் காட்டப்படுவது நடந்தது அல்ல, நடந்ததன் மந்தகதி. கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்ததை நீட்டிக் காட்டும்போது, செய்தவர் யோசித்துச் செய்ததுபோலத் தோன்றுவது கூடுகிறது என்று 2016இல் வெளியான உளவியல் ஆய்வொன்று கண்டது. நிறுத்திய படத்தில் எல்லாக் கைகளும் குற்றவாளிகளே. இதன் விளைவாகக் கேமராவுக்கு ஏற்ப விதியையே வளைத்தார்கள். தாக்கும் அணியினரின் கையில் தற்செயலாகப் பட்டு வந்த கோலும் செல்லாது என்று 2019இல் எழுதினார்கள். 2021இல் அதைத் தளர்த்தி, கோல் அடித்தவரின் கையில் பட்டால் மட்டும் என்று மாற்றினார்கள். உள்நோக்கம் உண்டா என்பது மனிதன் மனிதனைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. அதற்குக் கேமராவால் விடை சொல்ல முடியாது என்பதற்காக, கேள்வியை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

ஆஃப்சைடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது அடிப்படையில் கோட்டுக் கேள்வி. விநாடிக்கு 50 படங்கள் எடுக்கும் கேமராவில், விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறவர் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 20 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். அந்தப் படத்தின்மேல் கோடு கிழித்து அக்குளை அளந்தது அறிவியல் அன்று, அறிவியல் வேடம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே விநாடிக்கு 500 முறை செய்தி அனுப்பும் உணரி வைத்தார்கள். அந்த வழியில் போகட்டும், ஆட்சேபம் இல்லை.

என் ஆட்சேபம் எல்லாம் அந்த அறையைப் பற்றியது. பணம் கொடுத்து, மழையில் நனைந்து, அரங்கில் நிற்பவனுக்கு என்ன பரிசீலிக்கப்படுகிறது என்பதே தெரிவதில்லை. கோல் விழுந்ததும் கத்துவதற்கு முன் அவன் நடுவரின் காதைப் பார்க்கிறான். 2024 ஜூலையில் நார்வேயில் ரோசன்போர்க் அணியின் ஆட்டம் ஒன்றில், இந்த முறையை எதிர்த்து ரசிகர்கள் மைதானத்துக்குள் மீன் வடைகளை வீசி ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். (வீணான வடைகளுக்காக எனக்கும் வருத்தம்தான்.) ஆயினும் 2025இல் நார்வேச் சங்கம் வி.ஏ.ஆரைத் தக்கவைத்தது. ஸ்வீடன் 2024இல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அங்கே சங்கங்களில் உறுப்பினர்களுக்கே பெரும்பான்மை வாக்கு. அதே ஆண்டு இங்கிலாந்தில் வுல்வ்ஸ் அணி வி.ஏ.ஆரை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. எதிராக 19 அணிகள், ஆதரவாக அது மட்டும். அங்கே வாக்கு யாருடையது என்பதைச் சொல்ல வேண்டுமா?

கையையும் காலையும் பற்றிய தீர்ப்பை மைதானத்தில் நிற்பவரிடமே விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. ஹென்றியின் கையைப் போல அரங்கமே கண்ட ஒன்று நடந்தால், பயிற்சியாளர் இரண்டு முறை மட்டும் மேல்முறையீடு கேட்கும் முறை இருக்கிறது. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் அது சோதிக்கப்பட்டது. கேட்பவனுக்குப் பொறுப்பு உண்டு, ஒளிந்திருந்து திருத்துபவர் யாரும் இல்லை. அதுவும் வேண்டாம், அறைதான் வேண்டும் என்றால், அங்கே பேசப்படுவது அரங்கில் கேட்கட்டும். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலை ஆஃப்சைடு என்று மறுத்தார்கள். அறையிலிருந்தவர் அது ஆஃப்சைடு இல்லை என்று சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் மைதானத்தில் கோல் தரப்பட்டிருப்பதாக எண்ணிக்கொண்டு, சரிபார்த்தாயிற்று என்று மட்டும் சொன்னார். ஆட்டம் தொடங்கிவிட்டது, தொடங்கியபின் திரும்ப விதியில் இடமில்லை. அந்த உரையாடல் சில நாள் கழித்துத்தான் வெளியிடப்பட்டது. அன்றே, அந்த நொடியிலேயே ஒலிபெருக்கியில் வந்திருந்தால், லிவர்பூலிலிருந்து வந்திருந்த ரசிகர்களே கத்தித் திருத்தியிருப்பார்கள்.