அனுப்பி வைத்த அரசும் கோர்ட்டுக்கு வரட்டும்

பட்டாளத்தில் இருந்த ஒருவர் குடித்துவிட்டு அடிதடியில் இறங்கி போலீஸ் ஸ்டேஷன் வரை வந்துவிட்டால், இரண்டு குரல்கள் கேட்கும். ‘எல்லையில் நின்னவருங்க, பார்த்து விட்டுடுங்க’ என்று ஒன்று. ‘மிலிட்டரின்னா என்ன, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே’ என்று இன்னொன்று. இரண்டையுமே சட்டென்று தள்ளிவிட முடியாது. ஆனால், அந்த மனிதரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய அரசைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அமெரிக்காவில் ஒரு நீதிபதி 2008-ல் அந்த அரசையும் கோர்ட்டுக்குள் வரவழைத்து உட்கார வைத்தார்.

நியூயார்க் மாநிலம், பஃபலோ நகரம். போதைப் பழக்கத்தாலும் மனநலக் கோளாறாலும் வழக்கில் சிக்கியவர்களை விசாரித்துவந்தவர் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல். வியட்நாம் போருக்குப் போய்வந்த ஒருவர் அவர் முன்னால் நின்றார். கவிழ்ந்த தலை நிமிரவில்லை. எதைக் கேட்டாலும் முனகல்தான் பதில். சிகிச்சையிலும் முன்னேற்றம் இல்லை. கோர்ட்டில் இருந்தவர்களில் வியட்நாம் போய்வந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, ‘இவரை வெளியே அழைத்துப்போய்ப் பேசிப்பாருங்கள்’ என்றார் ரஸ்ஸல். வராந்தாவில் கொஞ்ச நேரம் பேச்சு. திரும்பி வந்தவர், அணிவகுப்பில் நிற்பதுபோலக் கைகளைப் பின்னால் கட்டி, விறைப்பாக நின்று, நீதிபதியின் கண்ணைப் பார்த்து, இனி ஒழுங்காக முயற்சி செய்வதாகச் சொன்னார். கவுன்சலிங்கில் திறக்காத வாய், கூடப் போரிட்ட தலைமுறைக்காரர்களிடம் திறந்தது. முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனி சிகிச்சை நீதிமன்றம் 2008 ஜனவரியில் பஃபலோவில் தொடங்கியதற்கு இதுதான் விதை. இன்று அமெரிக்காவில் இப்படி 500-க்கும் மேற்பட்ட கோர்ட்டுகள் நடக்கின்றன.

அங்கே குற்றம் சாட்டப்பட்டவர் தனியாக நிற்பதில்லை. முன்னாள் படைவீரர் நலத்துறையின் அலுவலர் ஒருவர் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பார். மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட்டோ, போதை மறுவாழ்வு மையத்தில் இடமோ, அங்கேயே ஏற்பாடாகிவிடும். இதற்காகவே ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் ஆட்களை அனுப்பும் திட்டத்தை அந்தத் துறை 2009-ல் தொடங்கியது. அலுவலரைத் தவிர, வழிகாட்டியாக இன்னொரு முன்னாள் படைவீரரும் இருப்பார். சம்பளம் கிடையாது. நள்ளிரவில் போன் வந்தாலும் எடுத்துப் பேசுவார்.

இதைக் கருணை என்று நினைத்தால் தவறு. சாதாரண கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில வாரங்களில் வீடு போய்ச் சேரக்கூடியவர், இங்கே ஓராண்டுக்கும் மேலாகக் கண்காணிப்பில் இருந்தாக வேண்டும். அடிக்கடி நீதிபதி முன் ஆஜராக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். சிகிச்சைக்கு மட்டம் போட்டால் ஜெயில் வரைக்கும் போகும். எல்லாவற்றையும் முடித்தவருக்கு, வழக்கின் தன்மையைப் பொறுத்து, குற்றச்சாட்டு தள்ளுபடியாகலாம் அல்லது தண்டனை குறையலாம்.

போருக்குப் போனவரெல்லாம் குற்றவாளியாகத் திரும்புவார் என்ற சினிமா எண்ணம் நம்மிடமும் உண்டு. புள்ளிவிவரம் வேறு சொல்கிறது. அமெரிக்க நீதித்துறை 2011-12-ல் எடுத்த கணக்குப்படி, ஜெயில்களில் இருந்த முன்னாள் படைவீரர்கள் சுமார் 1,81,500 பேர். மொத்தக் கைதிகளில் இது 8 சதவிகிதம். லட்சம் பேருக்கு எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்தால், மற்றவர்களைவிடப் படைவீரர்கள் குறைவுதான். ஆனால், தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த படைவீரர்களில் 64 சதவிகிதத்தினர் வன்முறைக் குற்றத்துக்காக வந்தவர்கள். மற்ற கைதிகளில் இது 48 சதவிகிதம். சிறையிலிருந்த படைவீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்களுக்கு மனநலக் கோளாறு இருப்பதாக மருத்துவ நிபுணர்கள் முன்பே சொல்லியிருந்ததாகத் தெரிவித்தார்கள். அதாவது, நோய் தெரிந்திருந்தது. வைத்தியம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜ் போர்ட்டர் வழக்கு உதாரணம். 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, கொரியப் போரில் இரண்டு முறை காயம்பட்டு, பதக்கங்களும் வாங்கியவர். திரும்பிவந்த பின் கெட்ட கனவுகள். இரவில் கத்தியோடு படுக்கையறைச் சுவரில் ஏறப் பார்த்திருக்கிறார். 1986-ல் ஃபுளோரிடாவில் முன்னாள் காதலியையும் அந்தப் பெண்ணின் ஆண் நண்பரையும் கொன்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனையைத் தீர்மானிக்கும் கட்டத்தில் அவருடைய வக்கீல் ராணுவப் பதிவேட்டையே வாங்கிப் பார்க்கவில்லை. போர்க்களத்தில் அவர் பட்டதெல்லாம் ஜூரியின் காதுக்கே போகவில்லை. அது பெரிய குறை என்று 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. போர்முனையில் நின்றவரின் சேவையைத் தண்டனையின்போது எண்ணிப்பார்ப்பது அந்த நாட்டின் நெடுநாள் மரபு என்பதையும் நினைவூட்டியது. கொலை கொலைதான். ஆனால், தூக்கா ஆயுளா என்று முடிவெடுப்பவர்களிடம் பாதிக் கதையை மறைத்துவிட்டுத் தீர்ப்புக் கேட்பது நீதி ஆகாது.

எதிர்த்துச் சொல்பவர்களின் கேள்விகளும் லேசானவை அல்ல. அடிபட்டவள் மனைவியாக இருந்தால், கணவனின் பதக்கம் அவளுக்கு என்ன ஆறுதல்? குழந்தைப் பருவம் முழுக்க அடியும் பசியுமாக வளர்ந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு ஏன் இந்தத் தனிக் கோர்ட் இல்லை? முதல் கேள்விக்கு, பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை உறுதிசெய்த பிறகே சிகிச்சை என்ற நிபந்தனைதான் பதில். இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில், அவருக்கும் இது வேண்டும் என்பதே. படைவீரர்களிடம் பலன் தந்த முறையை மற்றவர்களுக்கும் நீட்டிக்கலாம். இன்னொரு குறையும் உண்டு. பல கோர்ட்டுகள் கடுமையான வன்முறை வழக்குகளை ஏற்பதில்லை; ஒழுங்கு நடவடிக்கையில் ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலரை அரசு மருத்துவ உதவியும் எட்டுவதில்லை. காய்ச்சல் அதிகமாக இருப்பவரை ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்புவது போன்ற காரியம் இது.

நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. நம் ராணுவத்தில் சிப்பாய்கள் முப்பதுகளிலேயே ஓய்வுபெற்றுவிடுகிறார்கள். 2022-ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த இளைஞர்களில் நான்கில் மூன்று பங்கினர் நான்கே ஆண்டுகளில், பென்ஷன் இல்லாமல் வெளியே வருவார்கள். அவர்கள் தவறு செய்வார்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் ஊரே மெச்ச வாழ்வார்கள். தடுமாறும் சிலருக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் கேள்வி. தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2025-ல் படைவீரர் குடும்பங்களுக்கெனச் சட்ட உதவித் திட்டம் தொடங்கியது நல்ல காரியம். தமிழகத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் மாவட்ட அளவில் இருக்கின்றன. கைதானவரிடம் ‘பட்டாளத்தில் இருந்தீர்களா?’ என்று ஸ்டேஷனில் ஒரு கேள்வி, ‘ஆமாம்’ என்றால் அந்த அலுவலகத்துக்கு ஒரு தகவல், சிறைக் கணக்கெடுப்பில் அவர்களுக்கு ஒரு தனிப் பத்தி. இந்த மூன்றுக்கும் புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ தேவையில்லை.

கொடி நாளில் சால்வை போர்த்த ஆள் அனுப்பும் அரசு, அதே மனிதர் கூண்டில் நிற்கும் நாளிலும் ஓர் ஆளை அனுப்ப வேண்டும். மன்னிப்புக் கடிதம் கொண்டுவரத் தேவையில்லை. அவருடைய டிஸ்சார்ஜ் புக்கும், அவரைப் பார்க்கத் தயாராக இருக்கும் ஒரு மருத்துவரின் பெயரும் கையில் இருந்தால் போதும். மற்றதை நீதிபதி பார்த்துக்கொள்வார்.