கிரீடத்தை அடகு வைத்துக் கொடுத்த கூலி

இடைக்கால இங்கிலாந்துப் படை என்றதும் பலர் மனதில் ஒரே சித்திரம்தான்: மன்னர் ஆணையிடுகிறார், பிரபு தன் குடியானவர்களை வயலிலிருந்து இழுத்து வருகிறார், அவர்கள் காசு காணாமல் சண்டையிட்டுக் கொள்ளையில் வயிறு வளர்க்கிறார்கள். சினிமா இதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறது, படித்தவர்களும் நம்புகிறார்கள். இங்கிலாந்தும் பிரான்சும் மோதிய நூறாண்டுப் போரைப் பொறுத்தவரை இது முழுப் பொய்.

நிலத்துக்கு ஈடாக 40 நாள் ஊதியமின்றிப் படைப்பணி செய்யும் வழக்கம் முன்பு இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் அது தேய்ந்துபோயிற்று. இடைக்காலத்தில் கடைசியாக அப்படி அழைப்பு விடுத்தது 1385-இல்.

1415-இல் ஐந்தாம் ஹென்றி பிரான்சுக்குப் புறப்பட்டபோது படைத்தலைவர் ஒவ்வொருவருடனும் ஒப்பந்தம் போட்டார். ஒரே தோலில் இருமுறை எழுதி, நடுவே பல் பல்லாய் வெட்டி, ஆளுக்கொரு பாதி. பிணக்கு வந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்துவிடலாம். சர் தாமஸ் எர்ப்பிங்ஹம் 20 கவச வீரர்களையும் 60 வில்லாளிகளையும் கொண்டுவர ஒப்புக்கொண்டார். கவச வீரனுக்கு நாளொன்றுக்கு 1 ஷில்லிங், வில்லாளிக்கு 6 பென்ஸ். கைதேர்ந்த தச்சனின் கூலிக்கு இது குறைந்ததல்ல. சம்பளம் காலாண்டுக் கணக்கில். முதல் காலாண்டுக்கு முன்பணம். இரண்டாவதற்குக் கையில் காசில்லாமல் அரச நகைகளை அடகாகக் கொடுத்தார் ஹென்றி. தம்பி கிளாரன்ஸ் கோமகனிடம் ஒரு கிரீடமே போயிற்று. சும்மா கூப்பிட்டால் ஆள் வரும் என்றிருந்தால் எந்த மன்னர் கிரீடத்தை அடகு வைப்பார்?

கொள்ளை நடந்தது, ஊர்கள் எரிந்தன. ஆனால் அந்தக் கொள்ளைக்கும் ஒப்பந்தத்தில் பங்கு எழுதியிருந்தது: வீரன் அடித்ததில் மூன்றில் ஒன்று தலைவனுக்கு, தலைவனிடம் சேர்வதில் மூன்றில் ஒன்று மன்னருக்கு. பசித்த கூட்டத்தின் வெறியாட்டம் என்று இதைச் சொல்வது, பங்கு வாங்கிய அரசைத் தப்பவிடுவதாகும். பிரெஞ்சுக் குடியானவர்களின் வீட்டை எரித்தவன் சம்பளப் பட்டியலில் இருந்தவன்.

அந்தப் பட்டியலும் வெறும் பேச்சல்ல. அதிகாரிகள் மஸ்டர் ரோல் எனும் பெயர்ப் பட்டியலை வைத்து ஆட்களை நிறுத்தி எண்ணினார்கள். வந்தவன் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தார்கள். அதே படையெடுப்பில் நடந்த ஹார்ஃப்ளர் முற்றுகையில் நோயுற்று ஊர் திரும்பியவர்களின் பெயர்களையும் குறித்தார்கள், அவர்களின் சம்பளத்தை நிறுத்த வேண்டுமே! பிறகு ஆங்கிலேயர் பிடித்த நார்மண்டிக் கோட்டைகளில் வேலைக்கு வராத நாளுக்கும் பிடித்தம் இருந்தது.

அந்த வில்லாளிகளின் பெயர்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. இடைக்காலப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றைப் படித்துவிட்டு எழுதட்டும்.