பயிற்சியா, உழைப்பா?

உயிர்மருத்துவ விஞ்ஞானத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றோரை நோக்கி ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விடுக்கும் அழைப்புகளில் இரு சொற்கள் பெரும்பாலும் இடம்பெறுகின்றன. ஒன்று ‘வாய்ப்பு’, மற்றையது ‘பயிற்சி’. இவ்விரண்டும் ஓர் உண்மையை மறைக்கவே உதவுகின்றன. அங்கே வேண்டப்படுபவர் மாணவர் அல்லர். குறைந்த ஊதியத்துக்குக் கிடைக்கும் தேர்ச்சி பெற்ற உழைப்பாளரே.

அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவகங்கள் கலாநிதிப் பட்டத்தின் பின்னரான ஆய்வாளருக்கு 2023ஆம் நிதியாண்டில் விதித்த தொடக்க உதவித்தொகை 56,484 டொலர். அவ்வாண்டு டிசெம்பரில், அந்நிறுவகங்கள் அமைத்த ஆலோசனைக் குழுவே 70,000 டொலராவது வழங்கப்படல் வேண்டும் என விதந்துரைத்தது. 2024இல் வழங்கப்பட்டதோ 61,008 டொலர். ‘உதவித்தொகை’ என்ற சொல்லையும் மனங்கொள்ளல் வேண்டும். சம்பளம் எனக் கூறின் ஊழியருக்குரிய உரிமைகளும் உடன்வரும் அல்லவா?

இந்நிலை தனிப்பட்ட பேராசிரியர் எவரதும் கொடுமையால் விளைந்ததன்று. ஆய்வுகூடத் தலைவருக்கு மானியம் தொடர வேண்டுமாயின் கட்டுரைகள் வெளிவருதல் வேண்டும். அவற்றுக்கான பரிசோதனைகளை இரவுபகலாகச் செய்வோர் இவ்வாய்வாளரே. 1998 முதல் 2003 வரையான காலத்தில் அந்நிறுவகங்களின் நிதி இரட்டித்தது. ஆய்வுகூடங்கள் பெருத்தன. பின்னர் நிதி தேங்கியது. பயிற்றப்பட்டோர் தொகையோ குறையவில்லை. ஒரு பேராசிரியர் தம் பணிக்காலத்தில் இருபது பேரைப் பயிற்றுவிப்பாராயின், அவர் ஓய்வுபெறும்போது வெறுமையாகும் ஆசனம் ஒன்றே. இதனை 2014இல் அல்பேட்ஸ், கேர்ஷ்னர், தில்மன், வார்மஸ் ஆகிய நால்வரும் எழுத்திலே ஒப்புக்கொண்டனர். இவர்களுள் வார்மஸ், நிதி பெருகத் தொடங்கிய காலத்தில் அந்நிறுவகங்களின் பணிப்பாளராயிருந்தவர். முதலாவது மானியத்தைப் பெறும்போது ஆய்வாளருக்கு வயது ஏறத்தாழ 42 ஆகிவிடுகிறது என்பதும் அவர்கள் காட்டியதே.

‘கற்றலின் கரிக்கோவைப் பாருங்கள்’ என்பர் இவ்வமைப்பின் காவலர். பார்ப்போம். ஹங்கேரியிலிருந்து 1985இல் பிலடெல்பியாவுக்கு இத்தகைய ஆய்வாளராக வந்தவர் அவர். தூது ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு மானியம் கிட்டாமையால் 1995இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலே பதவி தாழ்த்தப்பட்டார். 2023இல் வைஸ்மனுடன் நோபல் பரிசு பெற்றார். பொறுத்தார் பெற்றார் என்போர், 1995ஐ ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றனர். அவர் நிலைத்து நின்றார்; பொறுக்கமாட்டாது ஆய்வுகூடத்தை விட்டகன்றோரின் கண்டுபிடிப்புகளை எப்பரிசுப் பட்டியலில் தேடுவது?

இவ்வாய்வாளருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் தற்காலிக வீசாவில் வந்த பிறநாட்டவர். தலைவருடன் முரண்படின் பதவி மட்டுமன்றி, நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டங்காணும். அவ்வாறிருந்தும் 2022 நவம்பரில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 48,000 கல்விசார் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது இவ்வாய்வாளரும் அதிற் சேர்ந்தனர். ஊதிய உயர்வும் பெற்றனர். ‘பயிலுநர்’ என்ற பட்டம் அவர்களுக்குப் பெற்றுக்கொடாததை ஒரு தொழிற்சங்கம் சில வாரங்களிற் பெற்றுக்கொடுத்தது.

ஊதியம் மட்டும் போதாது. பயிலுநர் பதவிகளைக் குறைத்து, நிரந்தர ஆய்வாளர் பதவிகளைப் பெருக்குதல் வேண்டும். மேற்குறித்த நால்வரும் இதனையே கூறினர். ஆயின் நிரந்தர ஆய்வாளருக்குச் செலவு மிகுதி. ஆய்வுகூடங்கள் சுருங்க நேரும். தம் ஆய்வுகூடம் சுருங்குவதை விரும்பும் பேராசிரியர் அரியர்.