தீவகத் தாய்மாரும் எழுத்துப் படிப்பும்

ஆசிரியருக்கு,

யாழ்ப்பாணத் தீவகத்தில் சிறு பிள்ளையுள்ள தாய்மாருக்குப் படைப்பெழுத்து வகுப்பு எட்டாமல் போக முதற்காரணம் கடல். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பஸ். காற்றுக் காலத்தில் கைப்பிள்ளையோடு படகேறுவது பெரும்பாடு. பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுப் போனாலும், பின்னேரப் படகைப் பிடிக்க வகுப்பின் பாதியில் எழும்ப வேண்டும். எழுத்தாளர் மு. தளையசிங்கத்தையும் கவிஞர் சு. வில்வரத்தினத்தையும் தந்த புங்குடுதீவிலும் எழுத விரும்பும் தாய்க்குக் கிடைப்பது பிள்ளை நித்திரையாகும் நேரந்தான். 2013இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற கனடிய எழுத்தாளர் அலிஸ் மன்றோவும் அப்படிக் கிடைத்த நேரத்தில் எழுதியே சிறுகதையில் நிலைத்தவர். ஆகவே எழுத்துப் பயிற்சி நடத்துவோர் மாதம் ஒருமுறையாவது ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பாடசாலைகளுக்கு வந்து, பிள்ளைகள் விளையாடப் பக்கத்தறையும் ஒதுக்கி, வகுப்பு வைக்க முன்வர வேண்டும்.

வாசகர்,
நெடுந்தீவு